இசை முகவரும் ஆலயக் கணக்கும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கொடியேற்றம் தொடங்கி விடையாற்றி முடிய, நம் ஆலயத்தில் நாதசுவரமும் தவிலும் ஒலிக்காத வேளை மிகக் குறைவு. சுவாமி புறப்பாட்டிற்கு மல்லாரி வேண்டும். திருக்கல்யாணத்தில் மாங்கல்யதாரண வேளைக்குக் கெட்டிமேளம் வேண்டும். அந்த இசையைக் கேட்டு நாம் உள்ளம் உருகுகின்றோம். ஆனால் அவ்விசை எவ்வழியாக நம் ஊர் வந்து சேர்ந்தது, அதற்காக நாம் அளிக்கும் பணம் எவரெவர் கையைக் கடந்து செல்கிறது என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கோயிலில் காசைப் பற்றிப் பேசலாமா என்ற தயக்கம் நமக்கு உண்டு. ஆயினும் அது உபயகாரர்கள் மனமுவந்து அளித்த பணம். வாசித்தவர் வியர்வை சிந்தி ஈட்டிய பணம். ஆகவே கலைஞரை ஏற்பாடு செய்து தரும் முகவர் எவ்வாறு பணிபுரிகிறார், அவருக்கு ஊதியம் எங்கிருந்து வருகிறது என்பதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முற்காலத்தில் கோயிலுக்கும் கலைஞருக்கும் இடையே முகவர் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் மாமன்னன் இராசராசன் பொறித்த கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரையும், ஒவ்வொருவரும் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்பதையும், அவருக்கு ஒதுக்கிய வீடு எது என்பதையும் வரிசையாகச் சொல்கிறது. ஒருவருக்கு ஒரு பங்கு. ஒரு பங்கிற்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்தோர், பாடியோர், கருவி வாசித்தோர் ஆகியோருக்கும் பங்கு குறிக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர், யாருக்கு எவ்வளவு என்பதை எவரும் வந்து படிக்கும்படி கல்லில் வெட்டி வைத்தார்கள். கோயிலில் காசைப் பற்றிப் பேசுவது குறைவான செயல் என்று அவர்கள் கருதவில்லை.

நம் நிலை வேறு. மானிய நிலம் நம்மிடம் இல்லை. நமக்கு வேண்டிய குழு கடல் கடந்து இருக்கிறது. தஞ்சை, நாகை மாவட்டக் குழு ஒன்றை அழைப்பதென்றால், அவர்களுக்கு அந்த நாள் ஓய்வா என்று அறிய வேண்டும். ஊதியம் பேச வேண்டும். விமானச் சீட்டு, அனுமதிப் பத்திரம், தங்குமிடம், உணவு அனைத்தையும் கவனிக்க வேண்டும். பகலில் வேலைக்குச் சென்று மாலையில் கோயிற்பணி செய்யும் செயலவையினருக்கு இவை பெருஞ்சுமை. இங்கேதான் முகவர் தேவைப்படுகிறார். நல்ல முகவர் ஒருவர் கலைஞருக்கும் கோயிலுக்கும் ஒருங்கே துணை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் முகவர் என்றாலே தரகர், தரகர் என்றாலே ஏமாற்றுபவர் என்று எண்ணுவது நியாயமன்று.

அவர் பணி எப்படி நடக்கிறது? கோயில் முதலில் நாளையும் தேவையையும் சொல்கிறது. முகவர் கலைஞரின் நாட்குறிப்பைப் பார்த்து, அந்த நாளைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கிறார். தொகை பேசி முடிந்ததும் ஒப்பந்தம் எழுதப்படுகிறது. முன்பணமாகப் பாதித் தொகை பெறுவது பல நாடுகளிலும் உள்ள வழக்கம். இதனையே நம் பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் என்று கொடுத்தார்கள். மீதித் தொகை நிகழ்ச்சி நாளில் செலுத்தப்படுகிறது. முகவர் தம் பங்கை எடுத்துக்கொண்டு எஞ்சியதைக் கலைஞரிடம் சேர்ப்பிக்கிறார்.

முகவரின் திறமை எல்லாவற்றிலும் மேலாக வெளிப்படும் இடம் நாட்களைக் கோப்பதில்தான். ஒரே குழு பினாங்கில் ஒரு கோயிலிலும், ஈப்போவில் ஒரு கோயிலிலும், கிள்ளானில் ஒரு கோயிலிலும் அடுத்தடுத்து வாசிக்குமாறு அமைத்துவிட்டால், ஒரே பயணச் செலவை மூன்று கோயில்கள் பகிர்ந்துகொள்ளலாம். பயணத்திற்கும் அனுமதிக்கும் 9,000 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தனியாக அழைத்தால் அத்தனையும் நம் தலையில். மூவராக அழைத்தால் ஆளுக்கு 3,000 வெள்ளி. இத்தகைய சேமிப்பைத் தரும் முகவர் தம் ஊதியத்திற்கு முற்றிலும் தகுதியானவர்.

அவ்வூதியம் பொதுவாக இரு வகையில் அமையும். முதலாவது விழுக்காட்டு முறை. கலைஞர் பெறும் தொகையில் 10 விழுக்காடு என்பது மேல்நாடுகளில் நெடுங்காலமாக உள்ள வழக்கு. சில இடங்களில் 15, 20 விழுக்காடு வரை செல்வதும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் விழுக்காட்டுக் கணக்குச் சொல்லித்தந்த ஆசிரியர்கள், 'எதில் பத்து என்று முதலில் கேள்' என்பார்கள். இங்கும் அக்கேள்வியைக் கேட்க வேண்டும். முகவரின் பங்கு வாசிப்பதற்கான ஊதியத்தின் மீது மட்டும் கணக்கிடப்பட வேண்டும்; விமானச் சீட்டின் மீதும் விடுதிச் செலவின் மீதும் அன்று. ஊதியம் 12,000 வெள்ளி என்றால் முகவருக்கு 1,200, குழுவிற்கு 10,800.

இரண்டாவது மொத்தக் குத்தகை முறை. 'எல்லாம் சேர்த்து 25,000 வெள்ளி தாருங்கள். குழு வந்து வாசிக்கும்' என்று ஒருவர் பொறுப்பேற்கிறார். குழுவிற்கு இவ்வளவு என்று அவர் தனியே பேசிக்கொள்கிறார். செலவு போக எஞ்சுவது அவருடைய ஆதாயம். செலவு கூடினால் அவருடைய நட்டம். இதுவும் குற்றமன்று. இடரைத் தாமே சுமப்பவர் ஆதாயம் பெறுவது வாணிக நியாயம். ஆனால் அவர் முகவர் அல்லர், வணிகர். அவரிடம் நாம் வணிகரிடம் பேசுவது போலவே விலை பேச வேண்டும்.

துன்பம் எங்கே பிறக்கிறது? ஒருவர் கோயிலிடம் 'நான் உங்கள் ஆள்' என்று சொல்லி ஒரு தொகையும், கலைஞரிடம் 'நான் உங்கள் ஆள்' என்று சொல்லி இன்னொரு தொகையும் பெறும்போதுதான். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊர்த் திருவிழா முடிந்த மறுநாள், தவில் வாசித்த ஒருவரோடு உரையாட நேர்ந்தது. விரல்களில் கூடுகளைக் கழற்றியிருந்தார், மணிக்கட்டு வீங்கியிருந்தது. தமக்குக் கிடைத்த தொகையை அவர் சொன்னபோது நான் திகைத்தேன். அந்த ஆலயத்தார் கொடுத்ததாகச் சொன்ன தொகை எனக்குத் தெரியும். இரண்டிற்கும் இடையே இருந்த தூரம் மிகப் பெரிது. கோயிலிடம் ஏற்பாட்டுக் கட்டணம் என்றும், குழுவிடம் தரகு என்றும் இரு புறமும் வாங்கப்பட்டிருந்தது. 'கோயில் காசாயிற்றே ஐயா, கூடுதலாகக் கேட்கக் கூடாது என்று இருந்துவிட்டேன்' என்றார் அவர். கோயில் குறைவாகக் கொடுத்தது என்று அவர் நினைத்தார். குழுவினர் பேராசைக்காரர் என்று ஆலயத்தார் நினைத்தனர். தவறு செய்யாத இரு தரப்பினரும் ஒருவரையொருவர் நொந்துகொண்டனர்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த அனுபவமன்று. அமெரிக்காவில் பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் கலந்து நடத்தப்பட்ட 'வாடெவில்' அரங்குகள் ஒரு காலத்தில் நாடெங்கும் இருந்தன. வில்லியம் மோரிஸ் என்பவர் 1898இல் நியூயார்க்கில் தம் முகவர் நிலையத்தைத் தொடங்கியது அக்காலத்தில்தான். 1900இல் பெரிய அரங்க உரிமையாளர்கள் சங்கம் அமைத்து, நிகழ்ச்சிகளைத் தங்கள் அலுவலகத்தின் வழியாகவே பதிவு செய்யத் தொடங்கினர். அதற்காகக் கலைஞரின் ஊதியத்தில் 5 விழுக்காடு பிடித்தனர். 'ஒயிட் ராட்ஸ்' என்ற கலைஞர் சங்கம் இதனை எதிர்த்து 1901இல் வேலை நிறுத்தம் செய்தது. 5 விழுக்காடு சிறிய தொகைதான். வேலை கொடுப்பவரே வேலை தேடித் தந்ததற்கும் கூலி கேட்டதைத்தான் கலைஞர்களால் பொறுக்க இயலவில்லை. பிரிட்டனில் 1973ஆம் ஆண்டுச் சட்டம், வேலை தேடித் தருவதற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவதைப் பொதுவாகத் தடை செய்கிறது. கலைஞர்களின் முகவருக்கு அதில் விதிவிலக்கு உண்டு. அங்கும் கட்டணம் என்ன என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நாடு எதுவாயினும் கேள்வி ஒன்றே: இந்த மனிதர் யாருக்காக உழைக்கிறார்?

அரசுப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இரண்டு செய்திகளை வலியுறுத்த விரும்புகிறேன். முதலாவது அனுமதி. சுற்றுப்பயணியாக உள்ளே வந்த ஒருவர் ஊதியம் பெற்று வாசிப்பது சட்டத்திற்குப் புறம்பானது. 'எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று முகவர் சொன்னாலும், குடிநுழைவுத் துறை அளித்த அனுமதிப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்துப் படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சோதனை என்று வந்தால் தலைகுனிவு கலைஞருக்கும் கோயிலுக்கும்தான்.

இரண்டாவது வரி. வெளிநாட்டிலிருந்து வந்து ஊதியம் பெற்று நிகழ்ச்சி நடத்தும் கலைஞருக்கு, 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 109ஏ பிரிவின்படி 15 விழுக்காடு வரி பிடித்துச் செலுத்த வேண்டும். இது மொத்த ஊதியத்தின் மீது கணக்கிடப்படுவது. வரியை யார் ஏற்பது என்று முன்கூட்டியே பேசாவிட்டால் என்ன ஆகும்? மேற்சொன்ன 12,000 வெள்ளியில் முகவருக்கு 1,200, வரிக்கு 1,800 போக எஞ்சுவது 9,000. நாதசுவரம் இருவர், தவில் இருவர், சுருதிக்கும் தாளத்திற்கும் இருவர் என அறுவர் பங்கிட்டால் சராசரி 1,500. எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுவது வழக்கமில்லை என்பது நமக்குத் தெரியும். ஆகவே எதிர்பாராத பிடித்தம் ஒவ்வொன்றும் கடைசி வரிசையில் தாளம் போடுபவரின் மடியில்தான் முதலில் குறையும்.

எனவே வரும் ஆண்டுகளில் நம் ஆலயம் ஐந்து வழக்கங்களை மேற்கொள்ள வேண்டும் என்று செயலவையைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். குழுவின் ஊதியம், முகவரின் பங்கு, பயணம், வரி ஆகிய நான்கும் தனித்தனி வரிகளாக ஒரே தாளில் எழுதப்படட்டும். முகவர் ஒரு தரப்பினரிடம் மட்டுமே ஊதியம் பெறுகிறார் என்று அதில் கையொப்பமிடட்டும். அத்தாள் தமிழில் இருக்கட்டும். குழுத் தலைவர் அதனைத் தம் குழுவினர் அனைவருக்கும் படித்துக் காட்டட்டும். விழா நின்றுபோனால் முன்பணம் என்ன ஆகும் என்பதும் அதில் இடம்பெறட்டும். ஐந்தாவதாக, மீதித் தொகையை முகவர் உடனிருக்கக் குழுத் தலைவரின் கையிலேயே, தாம்பூலத் தட்டில் வைத்து, சந்நிதியில் கொடுப்போம். முகவரின் பங்கை அவர் கையில் தனியாகக் கொடுப்போம். மறைவாகப் பெற வேண்டிய தேவை நேர்மையான முகவருக்கு இல்லை. அவரும் நம் பொன்னாடைக்கு உரியவரே.

'எழுத்தில் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று நினைக்க மாட்டார்களா?' என்று சிலர் கேட்கலாம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பாட்டிமார்கள் சொல்லியிருக்கிறார்கள். எழுத்து நம்பிக்கையைக் குலைப்பதில்லை. நம்பிக்கைக்கு வேலி போடுகிறது. வேலி போட்ட பயிரை யாரும் சந்தேகிப்பதில்லை.

பெருமக்களே, நாளை தேரோட்டத்தின்போது தவில் முழங்கும். அந்த முழக்கத்தில் உபயகாரரின் பக்தியும், வாசிப்பவரின் உழைப்பும், ஏற்பாடு செய்தவரின் அலைச்சலும் கலந்திருக்கின்றன. மூவருக்கும் உரியது உரியவாறு சேர்ந்தால் மட்டுமே அந்த உபயம் முழுமை பெறும். அதற்கு வேண்டிய மனத்தெளிவை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.