எட்டு வயது வரை ஏன் காத்திருக்க வேண்டும்?



"வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான், எழுதச் சொன்னால் ஒன்றும் வரவில்லை." இந்தப் பேச்சு எழாத ஆசிரியர் அறை நம் பள்ளிகளில் இருக்க முடியாது. சொன்ன கையோடு அடுத்த பேச்சும் வந்துவிடுகிறது: சோம்பேறி, விளையாட்டுப் புத்தி, அடி போதவில்லை. முதலாவது, நல்ல ஆசிரியரின் கூர்மையான கவனிப்பு. இரண்டாவது, விசாரணையே இல்லாமல் எழுதப்பட்ட தீர்ப்பு. 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். எண்களைத் தடையில்லாமல் படிப்பான், பார்வையில் கோளாறு இல்லை. ஆனால் பெர்சி என்ற தன் பெயரின் எழுத்துகளையே இடம் மாற்றி எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னாராம். நம் ஆசிரியர் அறையில் இன்று கேட்கும் அதே பேச்சு 125 ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவ ஏட்டில் ஏறிவிட்டது. அறிவுக் குறைவாலோ கண் கோளாறாலோ இது வருவதில்லை என்பது அன்றே பதிவாகிவிட்டது. அதற்குப் பிறகும் பிரம்பைத் தேடுகிறவர் எந்தச் சான்றுக்காகக் காத்திருக்கிறார்?

இது ஆங்கில வழிப் பள்ளிகளின் தொல்லை, சொல்கிறபடியே எழுதும் தமிழில் இதற்கு இடமில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். 2001இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று இதற்கு விடை சொல்கிறது. டிஸ்லெக்சியா என்னும் இந்த வாசிப்புக் குறைபாடு உள்ள இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில வாசகர்களைப் படிக்கச் சொல்லி மூளையைப் படம் பிடித்தார்கள். எழுத்தும் ஒலியும் நன்றாக ஒத்துப்போகும் மொழி இத்தாலியம். அதனால் இத்தாலியர்கள் மற்ற இரு நாட்டவரைவிடப் பிழை குறைவாகப் படித்தார்கள். ஆனால் மூளையின் இடப்பக்கத்தில் ஒரே பகுதியின் செயல்பாடுதான் மூன்று நாட்டவரிடமும் குறைந்திருந்தது. இத்தகைய மொழிகளில் இந்தக் குறைபாடு பிழையாக வெளிப்படுவதைவிட மெதுவாகப் படிப்பதாகவே வெளிப்படும். அதனாலேயே எளிதில் கண்ணில் படாமல் போகும். தமிழும் அப்படியொன்றும் எளிதில் வழிவிடுவதில்லை. கடல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே ககரம், ஒலியோ வெவ்வேறு. 'கெ' என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, காதுக்கு முதலில் கேட்பது மெய். 'கொ' என்றால் எழுத்துக்கு இரு பக்கமும் குறி. லகர, ளகர, ழகரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்தை ஒலியோடு பொருத்துவதிலேயே தடுமாறும் குழந்தைக்கு இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக, நிதானமாகச் சொல்லித் தரப்பட வேண்டியவை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இந்தக் குழந்தைகள் இல்லவே இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிட்டு, அதில் டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. அதன் 16ஆவது பிரிவு, கற்றல் குறைபாட்டை மிக விரைவில் கண்டறிந்து ஏற்ற கற்பித்தல் முறைகளைக் கையாளும் கடமையைக் கல்வி நிலையங்கள்மீது சுமத்துகிறது. ஆனால் சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகுதான் என்றது 2018இல் வந்த வழிகாட்டுதல். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதனை என்றும் சொன்னது. இந்த வயது வரம்போடு எனக்குச் சண்டை இல்லை. சின்னஞ்சிறு வயதில் படிப்புத் தடுமாற்றம் எல்லாக் குழந்தைக்கும் இயல்பு, அவசரப்பட்டு முத்திரை குத்தக் கூடாது என்று மருத்துவர்கள் எண்ணுவது நியாயம். என் சண்டை, அந்தத் தாள் கைக்கு வரும்வரை பள்ளி கை கட்டி நிற்பதோடுதான். தேர்வுச் சலுகைக்குச் சான்றிதழ் கேளுங்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு ஓர் எழுத்தை இன்னொரு முறை, இன்னொரு விதமாகச் சொல்லித் தர எந்த மருத்துவரின் கையெழுத்து வேண்டும்?

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இது நடக்கிற காரியமா என்று ஆசிரியர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பாதி வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தோம். மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்தும், மற்றவர்கள் மேலே நகர்ந்தும், தொடக்க நிலையான அரும்பிலேயே நிற்கும் குழந்தை யார் என்று உங்கள் பதிவேடே காட்டும். கற்றல் குறைபாட்டை நீங்கள் உறுதி செய்ய வேண்டியதில்லை. அந்தப் பெயரைச் சிறப்பாசிரியரிடம் சொன்னால் போதும். முறையும் நமக்கு அந்நியமானதல்ல. ஒலியை வாய் சொல்ல, வடிவத்தை விரல் எழுத, கண் பார்க்க, ஒவ்வோர் எழுத்தாகப் படிப்படியாக ஏறுவதைத்தான் இன்றைய சிறப்புப் பயிற்சி வலியுறுத்துகிறது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னார்கள். அங்கிருந்த பிரம்பை வேண்டாம் என்கிறேன், மணல் இருக்கட்டும்.

தேர்வில் இந்தக் குழந்தைகளுக்குத் தரும் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் மற்ற மாணவர்களுக்கு அநீதி இல்லையா? வரலாற்றுத் தேர்வு வரலாற்று அறிவை அளக்கிறது, கை எழுதும் வேகத்தை அல்ல. எழுத்துத் தடையை விலக்கினால்தான் அந்த அறிவு வெளியே தெரியும். வசதியுள்ளவர்கள் போலிச் சான்றிதழ் வாங்குவார்களே என்ற அச்சத்துக்கு உச்ச நீதிமன்றமே விடை சொல்லிவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடு உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் எழுதுபவர் கேட்ட வழக்கில், 2021 பிப்ரவரியில், முறைகேடு நடக்கலாம் என்ற ஐயம் உரிமையை மறுக்கக் காரணமாகாது, 40 விழுக்காடு குறைபாடு இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், எழுதும் திறன் குறைபாட்டுக்கு உரிய கூடுதல் நேரம் நீட் தேர்வில் மறுக்கப்பட்ட மாணவிக்கு அநீதி இழைக்கப்பட்டதென்றும் அது சொன்னது. போலியைப் பிடிப்பது அரசின் வேலை. அதற்கான விலையை உண்மையான குழந்தை ஏன் கொடுக்க வேண்டும்?

பெயர் சூட்டினால் குழந்தை மனம் உடையும் என்று தயங்கும் பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு வகுப்பறை ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருக்கிறது. மக்கு என்ற அந்தப் பெயரோடு பத்தாண்டு வாழ்வதைவிட, காரணம் இன்னதென்று தெரிந்துகொள்வது அந்தப் பிள்ளைக்கு எவ்வளவோ ஆறுதல்.

ஆகவே அரசிடம் கேட்கிறோம்: ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் கற்றல் குறைபாட்டில் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியரை நியமியுங்கள். கூலி வேலைக்குப் போகும் தாய் ஒரு சான்றிதழுக்காகப் பல நாள் சம்பளத்தை இழக்காதபடி, மருத்துவரும் உளவியலாளரும் வட்டாரத்துக்கே வரட்டும். ஆசிரியர்களிடம் கேட்கிறோம்: படிக்கத் திணறும் பிள்ளையை வகுப்பின் நடுவே எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள். அவனுக்குத் தெரிந்ததை வாயால் சொல்ல விடுங்கள், அதற்கு மதிப்பெண் போடுங்கள். இதற்கு அரசாணை வேண்டாம், நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.