வந்தவர் எத்தனை பேர்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"கம்ப்யூட்டர் பற்றி ஏதாவது பேசுங்க, ஆனா ஏ.ஐ. வேண்டாம், அதை எல்லாரும் பேசிட்டாங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே சின்னதாக ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரு வெப்சைட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணும் மென்பொருளை நாமே எழுதிக்கொள்வது. எண்ணுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்பீர்கள். கல்யாண வீட்டில் இலையை எண்ணினால் சாப்பிட்டவர் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். வெப்சைட்டில் இலையை எண்ணலாம், சாப்பிட்டவரை எண்ண முடியாது. கஷ்டம் அங்கேதான்.

1990களில் "ஹிட்" என்று ஒரு கணக்கு சொல்வார்கள். ஒரு பக்கத்தில் 20 படம் இருந்தால், அதை ஒருவர் ஒரு தடவை திறந்தாலே 21 ஹிட். மாதம் லட்சம் ஹிட் என்று மார்தட்டிக்கொண்ட காலம் அது! படத்தைக் கூட்டினால் புகழும் கூடும். சர்வர் தன் வேலையாக ஒரு குறிப்பேடு எழுதிக்கொண்டே போகும்: எந்த முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று, ஒரு கோரிக்கைக்கு ஒரு வரி. அதைப் படித்துக் கணக்குச் சொல்லும் "அனலாக்" என்ற புரோகிராமை 1995இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஸ்டீபன் டர்னர் எழுதி இலவசமாகக் கொடுத்தார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்ததற்குக் காரணம் வேறு. எத்தனை ஆட்கள் வந்தார்கள் என்று இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று அந்தப் புரோகிராமின் விளக்கக் குறிப்பிலேயே எழுதி வைத்தார். தன் சரக்கு என்ன செய்யாது என்று சொல்லிக் கொடுப்பவர் எத்தனை பேர் உண்டு?

2005இல் கூகுள், அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் தன் அனலிட்டிக்ஸை இலவசமாகத் திறந்துவிட்டது. ஒரு சின்ன நிரல் துண்டைப் பக்கத்தில் ஒட்டினால் போதும், வண்ண வண்ண வரைபடம் வந்துவிடும். சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு நோட்டு இருப்பது வேறொருவர் வீட்டில்.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். ரிசல்ட் நாளை நினைத்துப் பாருங்கள். பதிவெண்ணும் பிறந்த தேதியும் போட்டு பட்டனை அழுத்துகிறீர்கள். சில வெப்சைட்டுகளில் அந்த இரண்டும் மேலே முகவரிப் பட்டையிலேயே, கேள்விக்குறிக்குப் பின்னால், பச்சையாகத் தெரியும். எண்ணும் நிரல் எதை அனுப்புகிறது? பக்கத்தின் முழு முகவரியை. தடுத்து எழுதாவிட்டால் ஒரு பையனுடைய பதிவெண், பிறந்த தேதி, பார்த்த நேரம் மூன்றும் சேர்ந்து மூன்றாம் ஆளிடம் போய்விடும். யாரும் திருடவில்லை, நாமே கொடுக்கிறோம். 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. சில விதிவிலக்குகள் தவிர, அவர்களுடைய நடமாட்டத்தைப் பின்தொடரக் கூடாது என்கிறது. முதலாண்டு மாணவர்களில் 17 வயதுக்காரர் இருக்கிறார்கள் அல்லவா? ஆகவே சொந்தமாக எழுதுகிறவர் எழுதவேண்டிய முதல் வரி, கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதையெல்லாம் வெட்டி எறிவது. அதையும் பிரவுசரிலேயே வெட்டிவிட வேண்டும், சர்வருக்கு வந்த பிறகு அல்ல.

மற்ற வேலை அதிகமில்லை. பக்கம் திறந்ததும் அதன் முகவரி, எங்கிருந்து வந்தார், திரை எத்தனை அகலம் என்ற மூன்றை மட்டும் நம் சர்வருக்கு அனுப்பும் பத்துப் பதினைந்து வரி ஜாவாஸ்கிரிப்ட். சர்வரில் அதை வாங்கி டேபிளில் ஒரு வரிசையாகப் போடும் நிரல். இரவில் கூட்டிப் பார்க்க ஒன்று. கல்லூரி வெப்சைட் அளவுக்கு எஸ்க்யூலைட் தாராளம். ஒரு வார விடுமுறை போதும்.

இனி, அந்த "ஒரு ஆள்" யார் என்ற கேள்வி. குக்கி வைத்து அடையாளம் போடலாம், ஆனால் ஆளைத் துரத்துவது போலாகிவிடும். எஸ்டோனியாவில் தொடங்கிய பிளாசிபிள் என்ற திறந்தமூல மென்பொருள் வேறு வழி வைத்திருக்கிறது. வருபவரின் ஐ.பி. முகவரி, பிரவுசர் விவரம், தளத்தின் பெயர் மூன்றையும் சேர்த்து ஹாஷ் செய்கிறார்கள். அதாவது மிக்ஸியில் போட்டு அரைப்பது. சட்னியிலிருந்து தேங்காயைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் பழைய வகை ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். அத்தனையையும் ஒவ்வொன்றாக அரைத்துப் பார்த்து, எந்தச் சட்னி எந்தத் தேங்காய் என்று இன்றைய கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். அதற்காக யாருக்கும் தெரியாத ஒரு எண்ணையும் சேர்த்து அரைக்கிறார்கள். அதன் பெயர் சால்ட், நம் உப்பேதான்! தினம் புது உப்பு, நேற்றையதை அழித்துவிடுவார்கள். அழித்தபின் அந்த ஆள் யாரென்று எழுதியவருக்கே தெரியாது.

இதற்கு விலை உண்டு. திங்கள் வந்தவர் செவ்வாயும் வந்தால் இரண்டு பேர். மாதத்தில் மொத்தம் எத்தனை தனி ஆட்கள் என்று கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். ஹாஸ்டல் வைஃபையில் எல்லாருக்கும் வெளியே தெரிவது ஒரே முகவரி. 2023 முதல் ஆண்ட்ராய்டில் குரோம் பிரவுசர் போன் மாடலையும் சொல்வதில்லை. ஆகவே பத்துப் பேர் ஒருவராகிவிடலாம். அந்தப் பத்தில் ஒருவர் லேபிலும் பார்த்தால் அவர் இரண்டாகிவிடுவார். இதைத் தெரிந்துகொண்டு எண்ணைப் பார்ப்பதற்கும், வரைபடத்தில் கோடு ஏறியது என்று பட்டாசு வெடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சொந்தமாக எழுதியவருக்கு இந்தச் சந்தேகம் தானாக வரும்.

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை. சர்வர்கள் பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில் ஓடும். அதன்படி நமக்கு நாள் மாறுவது காலை 5.30 மணிக்கு. திருத்தலாமே என்று பார்த்தால், இடம் மிச்சம் பிடிக்க மணிக்கு ஒரு கூட்டல் என்று சுருக்கி வைத்திருப்பார்கள். நமக்கு நள்ளிரவு அவர்களுக்கு மாலை 6.30. அந்த அரைமணியை எந்தக் கூடையிலிருந்து பிரிப்பது? முழுமணி வித்தியாசமுள்ள நாட்டுக்காரருக்கு இது தோன்றாது. நீங்கள் எழுதினால் அரைமணிக்கு ஒரு கூட்டல் வையுங்கள்.

இவ்வளவு சின்ன வேலையிலிருந்து பெரிய காரியங்கள் பிறந்திருக்கின்றன. இத்தாலியில் சால்வதோரே சான்ஃபிலிப்போ என்பவர் "லாக்" என்று ஒரு நேரடிப் பார்வையாளர் கணக்கை நடத்தினார். ஒவ்வொரு தளத்துக்கும் கடைசியாக வந்த சில வரவுகளைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். மைஎஸ்க்யூஎல் ஈடுகொடுக்கவில்லை. எல்லாவற்றையும் மெமரியிலேயே வைத்துக்கொள்ளும் ஒன்றைத் தாமே எழுதினார். 2009இல் வெளிவந்த ரெடிஸ் அதுதான், இன்று உலகமெங்கும் ஓடுகிறது. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் தன் பார்வையாளர் கணக்குக்காகக் கட்டிய கிளிக்ஹவுஸ் 2016இல் திறந்தமூலமானது. அதன் சூட்சுமம் ஆசிரியர்களுக்கு உடனே புரியும். வகுப்பின் கணக்குப் பாட மதிப்பெண்ணைக் கூட்ட ஒவ்வொருவர் ரேங்க் கார்டையும் பிரிப்பீர்களா, பாடவாரிப் பட்டியலை எடுப்பீர்களா? பாடவாரியாக அடுக்கி வைத்தார்கள்.

லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பிளாசிபிள் 2020இல் தாராளமான எம்.ஐ.டி. லைசென்ஸிலிருந்து ஏ.ஜி.பி.எல்.லுக்கு மாறியது. அதை மாற்றிச் சேவையாக நடத்துகிறவர், மாற்றிய மூலநிரலைப் பயன்படுத்துபவர்களுக்குத் தரவேண்டும். கட்டுப்பாடு என்று முணுமுணுப்பவர் உண்டு. என்னைக் கேட்டால் அது நியாயம். ஊர்க் கிணற்றில் மோட்டார் வைத்தவன் கயிற்றை எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

எழுத நேரமில்லை என்பவர்கள் மடோமோவையோ உமாமியையோ நம் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம், இரண்டும் திறந்தமூலம். ஆனால் மூன்றாமாண்டு மாணவர்கள் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு நான் கம்ப்யூட்டர் லேபில் இருப்பேன். லேப்டாப் உள்ளவர்கள் எடுத்து வாருங்கள், அந்தக் கேள்விக்குறியை வெட்டும் வரியிலிருந்து ஆரம்பிக்கலாம்.