ஒரு தாலி, இரு பதிவு

(பீடோர் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



நம் வீட்டு இரும்புப் பெட்டிகளின் அடியில் கிடக்கும் திருமணத் தாள்களைப் பற்றி இன்று பேச விழைகிறோம்.

இவ்வட்டாரத்தில் ஒரு பேரன் தம் குடும்ப வரலாற்றை எழுதப் புகுந்தார். காலஞ்சென்ற பாட்டனாரின் பெட்டியில் இரண்டு தாள்கள் அகப்பட்டன. ஒன்று, 1961ஆம் ஆண்டில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியதற்குக் கோயிலார் எழுதித் தந்த சீட்டு. மற்றொன்று, 1984ஆம் ஆண்டில் பதிவிலாகா வழங்கிய சான்றிதழ். பெண்ணின் பெயரோ இரண்டிலும் வெவ்வேறு விதமாக இருந்தது. முணுமுணுப்பு எழுந்தது. 1962இல் பிறந்த மூத்த அத்தையார், "அப்படியானால் நான் யார் மகள்?" என்று கேட்டுவிட்டு, அவ்வாண்டுத் திதிக்கும் வரவில்லை.

சட்டத்தின் வரலாற்றை அறிந்தால் இம்முடிச்சு அவிழும். அந்நாளில் இந்துக்கள் தம் வழக்கப்படி செய்துகொண்ட திருமணம் பதிவில்லாமலே செல்லும். 1952ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பியவர் பதிந்துகொண்டனர். பால்வெட்டுக்குப் போகும் நாளில் ஒரு நாள் கூலியை இழந்து பட்டணம் போக எத்தனை பேர் துணிவர்? 1976ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதுமுதல் நடக்கும் திருமணங்களுக்குப் பதிவு கட்டாயமாயிற்று. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்தவை பதிவானவையாகவே கருதப்பட்டன. ஆயினும் கையில் சான்றிதழ் வேண்டுவோர் தாமே முன்வந்து பதிந்துகொள்ளவும் அச்சட்டம் இடமளித்தது. மனைவி என்பதற்குத் தாள் கேட்கும் காலம் வந்துவிட்டதால், நரைத்த தலையோடு சென்று பதிந்தவர்களும் உண்டு.

ஆகவே, பதிவான நாளைத் தாலி கட்டிய நாளென்று கொள்ளலாகாது. பெயர் மாறியதும் வியப்பன்று. காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதிய கிராணியாரின் கையில் மாரியாயி 'மரியை' ஆவார்!

ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1982க்கு முன் நம் வழக்கம் ஒருவருக்கு இரு மனைவியரையும் அனுமதித்தது. எனவே ஐயம் எப்போதுமே வீண் என்று கூற மாட்டோம். தந்தை பெயர், சாட்சிகள், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், எல்லாவற்றுக்கும் மேலாக அடையாளக் கார்டு எண், இவற்றை ஒத்துப் பார்த்த பிறகே பேசவேண்டும். இரண்டில் எது 'சரியான' தாள் என்று எண்ணி மற்றதைக் கிழித்துவிடாதீர்கள்; கோயில் சீட்டு போனால் மறுபடி கிடைக்காது.

இன்றைய இளைஞர்கள் முதலில் பதிவிலாகாவில் கையெழுத்திட்டு, மாதங்கள் கழித்துக் கோயிலில் மாலை மாற்றுகின்றனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் ஒருநாள் இப்படித் திகைக்கக்கூடும்.

அத்தையாரின் பிறப்புப் பத்திரத்தில் தாயாரின் அடையாளக் கார்டு எண் இருந்தது. 1984ஆம் ஆண்டுச் சான்றிதழிலும் அதே எண். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை மூன்று முறை படித்தார். அடுத்த திதிக்கு முதல் ஆளாக வந்து இலை போட்டவர் அவரே.