கரிவண்டி

பழைய வண்டிகள் என்றதும் உங்களுள் பலர்க்கு அம்பாசடர் நினைவில் எழும். எனக்கோ, நான் காணாத கரிவண்டியே எழுகிறது. இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததும் நம் பேருந்துகள் கரிவாயுவால் ஓடின. வண்டியின் பின்புறத்து உருளையில் அடுப்புக்கரி கனலும். விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால்தான் வாயு பிறந்து எஞ்சின் உயிர்பெறும். மேட்டில் பயணியர் இறங்கித் தள்ளிய கதையைச் சொல்லிச் சிரிக்கிறோம். சக்கரம் சுற்றிய சிறுவரைச் சொல்வாரில்லை. அவர்களுள் என் தந்தையாரும் ஒருவர். பள்ளிக்குச் செல்லவேண்டிய வயது! அவ்வாயுவில் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு உண்டென்று அவருக்கு எவரும் கூறவில்லை. கரித்தூள் தந்த இருமல் இறுதிவரை நீங்கவில்லை. எனினும், தெருவில் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி மூட்டும் வாடை வந்தால் எழுந்துபோய் வாசலில் நிற்பார். கேட்டால், "வண்டி புறப்படும் நேரமப்பா" என்பார்.