மேடையில் வாசிக்காத பெயர்



சென்னை அடையாற்றில் உள்ள புற்றுநோய் மருத்துவமனையைத் தெரியாத குடும்பம் நம்மிடையே குறைவு. 1954-இல் அதைத் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர், சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் என்பதையெல்லாம் நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்திலேயே படித்துவிடுகிறார்கள்.

அதற்கு முன்னால் நடந்ததைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த அந்தப் பெண்ணைப் பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. பெண் என்பது ஒரு காரணம். தாய் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர் என்பது இன்னொரு காரணம். மன்னரே தலையிட்டுத்தான் இடம் கிடைத்தது. ஒரு பெண் படிக்கப் போனதற்கு, வீட்டுக்குள் இருந்த தாயின் பிறப்பை ஊர் கிளறியது. அந்தத் தாய் என்ன பாடுபட்டிருப்பார்! பிற்காலத்தில் மகள் சட்டமன்றத்தில் போராடியது அந்தக் குலத்துப் பெண்களுக்காகவே. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல் வந்தது. மருத்துவமனைக்குப் பின்னாலும் ஒரு கண்ணீர் உண்டு: உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர்.

லூக்கா நற்செய்தியாளர் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கவனமானவர். ஆண்டவரும் பன்னிருவரும் ஊர் ஊராகப் போனபோது தங்கள் உடைமையிலிருந்து செலவு செய்த பெண்களை எட்டாம் அதிகாரத்தில் பெயர் சொல்லியே குறிக்கிறார்: மகதலா மரியா, கூசாவின் மனைவி யோவன்னா, சூசன்னா.

நாம் அப்படிச் செய்யவில்லை. சென்ற ஆண்டு நம் பங்கில் பாராட்டு விழா. நர்சிங் முடித்து வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தினோம்; தந்தைக்கும் ஒன்று போர்த்தி, மைக்கையும் அவரிடமே கொடுத்தோம். பீடி சுற்றிப் படிக்கவைத்த தாய், பின்னால் நின்று எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். நான்கு ஆண்டுகளாக நற்கருணை வாங்க வரும்போதெல்லாம் அவர் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்ததைப் பார்த்திருக்கிறோம். செயின் எங்கே என்று கேட்கத் தோன்றியதில்லை. அது முதலாமாண்டு ஃபீஸுக்கே அடகுக்குப் போய்விட்டதாம். மறுநாள் அந்தப் பிள்ளை பங்கு இல்லத்துக்கு வந்து, கோபமே இல்லாமல் கேட்டது: "சாமி, எங்க அம்மா பேரை ஏன் வாசிக்கல?"

பிரசங்கம் செய்யும் வாய்க்கு அன்று பதில் வரவில்லை. அப்பா பெயர் மட்டும்தான் பட்டியலில் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். பட்டியலை எழுதியவர்களே நாம்தானே.

நம் பங்கு மக்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இவ்வாண்டுப் பாராட்டு விழா ஆகஸ்ட் 15, விண்ணேற்புப் பெருவிழா மாலையில். அன்பியப் பொறுப்பாளர்கள் பிள்ளையின் பெயரோடு தாயின் பெயரையும், பாட்டியோ அக்காவோ படிக்கவைத்திருந்தால் அவர்கள் பெயரையும் எழுதித் தாருங்கள். நோட்டீஸ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டீ ஊற்றும் வேலையை இந்த முறை பங்குப் பேரவை ஆண்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.