சுவரும் சிலையும் சொல்லும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

"கல்வியும் வேலையும் கிடைத்துவிட்டால் போதாதா? பழைய சுவருக்காகவும் பழைய பெயருக்காகவும் ஏன் போராட வேண்டும்?" என்று நம் இளைஞர்களுள் சிலர் வினவுகின்றனர். நேர்மையான வினா. அதற்கு விடை கூறவே எழுந்து நிற்கிறேன்.

மரச் சிற்பத்தால் பெயர் பெற்றது நம் தம்மம்பட்டி. உருவம் பேசும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பொது இடத்தில் நிற்கும் உருவமோ, யார் தலைநிமிரலாம், யார் ஒதுங்க வேண்டும் என்பதை நாள்தோறும் பேசுகிறது.

1857 எழுச்சியின்போது வட இந்தியாவில் மக்களைக் கொன்று குவித்தவர் கர்னல் நீல். அவரது சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதனை அகற்றக் கோரி 1927இல் இளைஞர்கள் அறப்போர் நடத்திச் சிறை புகுந்தனர். நீல் மாண்டு எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன; ஆனால் அவர் வாளேந்திக் காத்த ஆட்சி மாளவில்லை. 1937இல் இராஜாஜி அமைச்சரவையே அச்சிலையை அகற்றி அருங்காட்சியகத்திற்கு அனுப்பியது.

அதே 1927 மார்ச் 20 அன்று, மராட்டிய நாட்டு மகாடு நகரில் அண்ணல் அம்பேத்கர் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். அக்குளம் அனைவர்க்கும் உரியது என நகராட்சி முன்னரே தீர்மானித்திருந்தது. தீர்மானம் தாளில் இருந்தது. தடையோ கரையில் நின்றது. அவ்வாண்டு டிசம்பர் 25 அன்று அங்கே மனுநூல் எரிக்கப்பட்டது.

நம் காலத்திற்கு வருவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1989இல். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் நம் மக்களை மறித்துச் சுவர் எழுந்ததும் அதே 1989இல்தான்! சட்டம் இருந்தும் சுவர் பத்தொன்பது ஆண்டுகள் அசையவில்லை. மக்கள் போராடிய பின்னரே, 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் அதில் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தது.

கல்வி பெற்றால் இவை தாமே மறையுமா? தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி 1994இல் முடிவுற்றது. எனினும் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் செசில் ரோட்சின் சிலை நின்றது. அங்குப் பயின்ற மாணவர்களே போராடி, 2015 ஏப்ரல் 9 அன்று அதனை அகற்றச் செய்தனர். கல்வி அவர்களுக்குப் பொறுமையை அன்று, கேள்வியையே தந்தது.

சிலையும் சுவரும் மட்டுமல்ல, சொல்லும் சின்னமே. 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். "ஒரு சொல்லில் என்ன இருக்கிறது?" என்பார் உளர். பள்ளிச் சேர்க்கையின்போது முகவரி கேட்டால் குரலைத் தாழ்த்தும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த நாணத்தைக் கற்பித்தது எந்தப் பாடநூல்? அச்சொல்தான் கற்பித்தது.

இளைஞர்களே! படிப்பா, போராட்டமா என்று பிரித்துப் பாராதீர். கல்லெடுக்க வேண்டா, எழுதுகோல் எடுங்கள். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவை மனத்தில் இருத்துங்கள். உங்கள் தெருவின் பெயரும், உங்கள் ஆவணங்களில் உள்ள முகவரியும் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என்று பாருங்கள். இழிவு இருப்பின் மனு எழுதுங்கள். விடை வரும்வரை ஒன்றுகூடிக் கேளுங்கள். மனு எழுதத் தெரியாத முதியோர்க்கு நீங்களே எழுதிக் கொடுங்கள். இச்சங்கம் உங்களுக்கு எழுத்தறிவித்தது அதற்காகவும்தான்.

நம் பிள்ளைகள் தம் முகவரியை உரக்கச் சொல்லும் நாள் வரவேண்டும்.