மலைச் சாலையும் மராமத்து வேலையும்



இன்று ஒரு சாலையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம். இங்கே கூடியிருப்பவர்களில் எத்தனையோ பேர் வெயிலில் உட்கார்ந்து ஜல்லி உடைத்தவர்கள், தார் காய்ச்சிய புகையைக் குடித்தவர்கள். ஆகவே இடம் தூர தேசமானாலும் விஷயம் உங்களுக்குப் புதிதல்ல.

அமெரிக்காவில் கனடா எல்லையை ஒட்டியிருப்பது மாண்டானா மாநிலம். அங்கே 1910-ம் ஆண்டு கிளேசியர் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. பூங்கா என்றதும் பூச்செடியும் பெஞ்சும் என்று நினைத்துவிடாதீர்கள். பனிமலையும், ஏரியும், கரடி உலாவும் காடும் சேர்ந்த பெரும் பிரதேசம் அது. அதன் கிழக்குப் பகுதி பிளாக்ஃபீட் என்ற பழங்குடி மக்களின் பூமி. 1895-ம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 15 லட்சம் டாலருக்கு அது அவர்கள் கையை விட்டுப் போயிற்று.

அந்த மலையைக் குறுக்கே கடந்து 50 மைல் நீளச் சாலை ஒன்று போகிறது. ‘சூரியனை நோக்கிப் போகும் சாலை’ என்று பெயர். 1921-ல் வேலை தொடங்கி, 1932-ல் மலையின் இரு பக்கமும் இணைந்தன. உச்சியிலுள்ள லோகன் கணவாயின் உயரம் 6,646 அடி. நமது ஊட்டியைவிடத் தாழ்வுதான். ஆனால் அங்கே குவியும் பனி நாம் கண்டறியாதது.

முதலில் போட்ட திட்டத்தில் 15 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன. அப்படி வெட்டினால் மலையின் முகமே வடுப்பட்டுப் போகும் என்று தாமஸ் விண்ட் என்ற நிலக்காட்சி அமைப்பாளர் ஆட்சேபித்தார். 1924-ல் பிராங்க் கிட்ரெட்ஜ் என்ற இன்ஜினீயர் வேறு தடத்தை அளந்தார். செங்குத்தான பாறைச் சுவரிலேயே செதுக்கிச் செல்லும் பாதை, பெரிய வளைவு ஒன்றே ஒன்று. அதுவே முடிவாயிற்று. பெரிய வெடி வைக்கக்கூடாது, சிறு சிறு வெடிகளே வைக்க வேண்டும், சுவர்களை அந்த மலைக் கல்லாலேயே கட்ட வேண்டும் என்று விதி எழுதினார்கள்.

நல்ல விதிதான். காடும் மலையும் ஜனங்களின் சொத்து; அவற்றைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த விதிக்கு விலை கொடுத்தது யார்?

அளவெடுக்கப் போனவர்கள் 32 பேர். விடிந்தால் ஆயிரக்கணக்கான அடி மலையேறி, கயிற்றில் தொங்கி வேலை செய்தார்கள். தாங்க முடியாமல் ஆள் போக, ஆள் வந்தது. மூன்றே மாதத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் சராசரி மூன்று முறை ஆள் மாறியதாகக் கணக்கு. கிழக்குப் பக்கம் 408 அடி நீளச் சுரங்கவழி குடைந்தார்கள். அந்த இடத்துக்கு யந்திரம் கொண்டு போக வழியில்லை. வெடிமருந்தையும் சாமான்களையும் முதுகில் சுமந்து, நூறடி ஏணியில் இறங்கித்தான் தொழிலாளி வேலைக்குப் போனான். சாலை முடிவதற்குள் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

1933 ஜூலை 15-ந் தேதி திறப்பு விழா நடந்தது. அத்துடன் வேலை முடிந்துவிட்டதா? ஏரி வெட்டுகிறவன் ஒருமுறை வெட்டிவிட்டுப் போகிறான். மராமத்து வருஷா வருஷம் வருகிறது. சாலையும் அப்படித்தான். முழு நீளத்துக்கும் தார் போட்டு முடிக்க 1952 ஆயிற்று. பனியும் உருகிய நீரும் சுவரை அரிக்கின்றன. பாறை உருண்டு விழுகிறது. 2006 நவம்பரில் கொட்டிய மழை சாலையின் கிழக்குப் பகுதியை அறுத்துக்கொண்டு போயிற்று.

ஆண்டுதோறும் ஏப்ரலில் பனியை அகற்றத் தொடங்குகிறார்கள். கணவாய்க்குக் கிழக்கே ஓரிடத்தில் பனி 80 அடி வரை குவிவதுண்டு. சாலை எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியாத அந்த வெள்ளைச் சரிவில் டிரைவர் யந்திரத்தை ஓட்ட வேண்டும். முழுப் பாதையும் திறக்க ஜூன் கடைசியோ ஜூலையோ ஆகிவிடுகிறது. 1953 மே மாதம் மேலிருந்து பனி சரிந்து, வேலையில் இருந்தவர்களை மூடியது. இரண்டு பேர் மாண்டார்கள். ஒருவரைப் பல மணி நேரம் கழித்து உயிரோடு தோண்டி எடுத்தார்கள். நிபுணர்களை வைத்துப் பனிச்சரிவின் அபாயத்தை முறையாகக் கணித்துச் சொல்லும் ஏற்பாடு 2000-க்குப் பிறகுதான் வந்தது. ஏறக்குறைய ஐம்பது வருஷம்!

தோழர்களே, மலைக்கு வடு விழக்கூடாது என்று அன்றே விதி எழுதத் தெரிந்தது. தொழிலாளியின் உயிருக்கு அதே அக்கறையோடு விதி எழுத ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? இதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

எங்கே சாலை போட்டாலும் எஸ்டிமேட்டில் கல்லுக்கும் தாருக்கும் கணக்கு இருக்கும். கயிறுக்கும், காப்புக்கும், அடுத்த வருஷத்து மராமத்துக்கும் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், வேலை தொடங்குமுன்பே கூடிப் போய்க் கேளுங்கள். ஆள் விழுந்த பிறகு கேட்டுப் பயனில்லை.